நகரை வீடு வீடாக அளந்த அறிஞர் டு பாய்ஸ்

ஒரு நகரத்தின் வரைபடத்தை விரித்தால் வீதிகளும் ஆறும் ஆலயங்களும் தெரியும். எந்த வீதியில் எவர் வாழ்கின்றனர், ஏன் அங்கு வாழ நேர்ந்தது, வேறிடங்களில் அவர்களுக்கு ஏன் வீடு கிடைப்பதில்லை என்பவை தெரியா. இவற்றையும் வரைபடத்தில் காட்டிய அறிஞர் ஒருவர் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றினார். அவரே டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ். கல்விக்கெனக் கூடிய நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அன்னாரின் வாழ்வைச் சுருங்கக் கூறுவது பொருத்தம் எனக் கருதுகிறோம்.

டு பாய்ஸ் 1868ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரேட் பாரிங்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அமெரிக்க நாடெங்கும் அடிமை முறை ஒழிக்கப்பட்டு அப்போது மூன்று ஆண்டுகள்கூட நிறைவுறவில்லை. தந்தை குடும்பத்தைவிட்டுப் பிரிந்து சென்றார்; தாயார் வறுமையிலேயே மகனை வளர்த்துப் படிக்க வைத்தார். பள்ளிப் படிப்பு முடிந்த சிறிது காலத்தில் அவரும் மறைந்தார். தேவாலயத்தார் அளித்த பொருளுதவியுடன் இளைஞர் 1885இல் நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கோடை விடுமுறைகளில் டென்னசி நாட்டுப்புறத்துக் கறுப்பினக் குழந்தைகளுக்கு எழுத்தறிவித்தார். பின்னர் ஹார்வர்டிலும் பெர்லினிலும் பயின்று, 1895இல் ஹார்வர்டின் டாக்டர் பட்டம் பெற்றார். கறுப்பின மக்களுள் அப்பட்டத்தை அங்குப் பெற்ற முதல்வர் அவரே.

இத்துணைப் படிப்பிருந்தும் பெரிய பல்கலைக்கழகங்களில் அவருக்கு ஆசிரியப் பணி கிடைக்கவில்லை. 1896இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. பிலடெல்பியா நகரின் ஏழாம் வட்டத்தில் வாழும் கறுப்பின மக்களின் நிலையை ஆராய்வதே அவருக்கு இடப்பட்ட வேலை. உதவியாளர் என்ற பெயரே தரப்பட்டது. முறையான ஆசிரியப் பதவி தரப்படவில்லை. நகரம் சீர்கெட்டதற்கு இம்மக்களே காரணம் என்ற முடிவு சீர்திருத்தம் பேசியோர் உள்ளத்தில் முன்னமே இருந்தது என்பதை அவர் பிற்காலத்தில் எழுதியுள்ளார். அம்முடிவுக்குச் சான்று தேடித் தருவதற்கென அழைக்கப்பட்டவர், உண்மையைத் தேடப் புறப்பட்டார்.

அப்போதுதான் மணம் புரிந்திருந்த டு பாய்ஸ், துணைவியார் நீனாவுடன் அவ்வட்டத்திலேயே ஓர் உணவகத்தின் மாடியறையில் குடியேறினார். வினாப் பட்டியல்களுடன் தெருத்தெருவாக நடந்து, ஏறத்தாழ 2,500 குடும்பங்களை நேரிற் கண்டார். அவ்வட்டத்தில் வாழ்ந்த கறுப்பின மக்கள் 9,675 பேர் எனக் கணக்கிட்டார். பிறப்பிடம், தொழில், வருவாய், வாடகை, எழுத்தறிவு, நோய், இறப்பு ஆகிய அனைத்தையும் பதிந்தார். மக்கள் எல்லோரும் அவரை உவந்து வரவேற்றனர் என்று கூற இயலாது. விந்தை உயிர்களைப்போல் ஆராயப்படுவதை எவரே விரும்புவர்? பட்டம் பெற்றவராயினும் தம் மக்களைத் தாம் முழுதும் அறியவில்லை என்பதை அங்கே அவர் கற்றுக்கொண்டார்.

ஆய்வின் பயன் 1899இல் 'பிலடெல்பியா நீக்ரோ' என்னும் பெருநூலாக வெளிவந்தது. அதிலுள்ள வரைபடம் ஒவ்வொரு மனையையும் அதில் வாழ்வோரின் நிலைக்கேற்ப நான்கு வகையாக வண்ணமிட்டுக் காட்டிற்று. ஒரே வீதியில் உழைப்பாளியும், ஓரளவு வசதியுடையவரும், வறியவரும் அடுத்தடுத்து வாழ்ந்தது கண்கூடாயிற்று. கறுப்பினத்தார் அனைவரும் ஒரே தன்மையர் என்ற எண்ணம் இதனால் தகர்ந்தது. வாடகைக் கணக்கோ மற்றோர் உண்மையை வெளிப்படுத்திற்று. மோசமான வீட்டிற்கு இம்மக்கள் கூடுதல் வாடகை செலுத்தினர். பிற பகுதிகளில் அவர்களுக்கு வீடு தர உரிமையாளர் மறுத்தனர். வேலைக்காரராகவும் சுமையாளராகவும் உழைத்தமையால் செல்வர் இல்லங்களுக்கு அருகிலேயே வாழவும் வேண்டியிருந்தது. வாடகையை ஈடுகட்ட அறைகளை உள்வாடகைக்கு விட்டனர்; நெருக்கடி பெருகிற்று. தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் கைத்தொழில்களின் வாயிலை அடைத்தனர். குற்றமும் நோயும் இந்நிலைமைகளின் விளைவுகள் என்பதை அவர் எண்களால் நிறுவினார்.

எனினும் அந்நூலைக் குறையற்றதென்று நாம் சொல்லவில்லை. கடைநிலையில் வீழ்ந்தோரைப் பற்றி எழுதுகையில், மேல்நிலையிலிருந்து ஒழுக்கம் போதிப்பவரின் கடுமை அதில் ஒலிக்கிறது. கற்றவர் தம் மக்களைப் பற்றி எழுதும்போது நேரக்கூடிய இவ்விடரை நாமும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1897இல் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1899இல் அங்கே அவருடைய கைக்குழந்தை தொண்டையடைப்பான் நோயால் மாண்டது. அதே ஆண்டு சாம் ஹோஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியை வெள்ளையர் கும்பலொன்று சித்திரவதை செய்து கொன்றது. உண்மையை எடுத்துரைத்தால் உலகம் திருந்திவிடும் என்ற அவருடைய நம்பிக்கை அன்று தளர்ந்தது. ஆராய்ச்சியை அவர் கைவிடவில்லை. 1900இல் பாரிஸ் கண்காட்சிக்கு ஜார்ஜியா மாநிலக் கறுப்பின மக்களின் நிலைகாட்டும் வண்ண விளக்கப்படங்களை மாணவர் துணையுடன் வரைந்தளித்துப் பொற்பதக்கம் பெற்றார். ஆயினும் அறிவுடன் போராட்டமும் வேண்டுமெனத் துணிந்தார். 1909இல் தோன்றிய கறுப்பின மக்கள் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கத்தை நிறுவியோருள் ஒருவரானார். அதன் 'கிரைசிஸ்' இதழை 1910 முதல் 1934 வரை நடத்தினார்.

நம் உள்ளத்திற்கு மிக நெருக்கமான நிகழ்ச்சி 1946இல் நடந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு விண்ணப்பம் அளித்த செய்தியறிந்த அண்ணல் அம்பேத்கர், அதன் படியை வேண்டி டு பாய்சுக்கு மடல் விடுத்தார். தீண்டப்படாத மக்களும் அவ்வாறு முறையிட எண்ணுவதை அதில் தெரிவித்திருந்தார். டு பாய்ஸ் உடன்பாடும் பரிவும் தெரிவித்து மறுமொழி எழுதினார். கடல் கடந்த இரு மக்களின் துயரம் ஒன்றையொன்று அடையாளம் கண்டது.

முதுமையிலும் அவருக்கு ஓய்வில்லை. சமாதான இயக்கப் பணிக்காக 1951இல் அவர்மீது அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்துத் தோற்றது. கடவுச்சீட்டையும் சில ஆண்டுகள் மறுத்தது. 1961இல் கானா நாடு சென்று ஆப்பிரிக்கக் கலைக்களஞ்சியப் பணியைத் தொடங்கினார். 1963 ஆகஸ்டு 27இல் அக்ரா நகரில், தமது 95ஆம் வயதில் மறைந்தார். மறுநாள் வாஷிங்டனில் உரிமை கோரித் திரண்ட மாபெரும் கூட்டத்தில் அச்செய்தி அறிவிக்கப்பட்டது. ஆசிரியப் பதவி தராத பென்சில்வேனியா பல்கலைக்கழகம், 2012இல் அவருக்குக் கௌரவப் பேராசிரியர் பட்டம் அளித்தது.

நம்மைப் பற்றிய கணக்கைப் பிறர் எழுதினால், வினாவும் அவர்களுடையது, விடையும் அவர்களுடையது. நம் குடியிருப்பு ஏன் ஊருக்கு அப்பால் அமைந்தது, அதற்குச் சாலையும் குடிநீரும் ஏன் கடைசியாக வந்தன என்ற வினாக்களை எழுப்பி விடைகாணும் கடமை கல்விபெற்ற நம் பிள்ளைகளைச் சார்ந்தது. படித்தவர் தம் தெருவுக்குத் திரும்பி வந்து, ஒவ்வொரு வீட்டின் வாயிலிலும் நின்று செவிமடுக்க வேண்டும். டு பாய்ஸ் பெருமகனாரின் வாழ்விலிருந்து நாம் கொள்ளும் பாடம் இதுவே.