உயிர் காத்த மொட்டை மூக்கு!

குட்டீஸ், சைக்கிளுக்குக் காற்றடித்ததும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சூடாக இருக்கும். காற்றை வேகமாக அழுத்தினால் அது சூடாகும். அப்படியென்றால், நிலவிலிருந்து மணிக்குச் சுமார் 39,000 கி.மீ. வேகத்தில் திரும்பும் விண்கலம் காற்றில் மோதினால் என்ன ஆகும்? உள்ளே இருப்பவர்கள் பிழைக்க வழி காட்டியவர்தான் ஜூலியன் ஆலன்.

1910ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் பிறந்தார் ஆலன். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தார். 1936ல் அரசின் விமான ஆய்வு அமைப்பில் சேர்ந்தார். 1940ல் கலிபோர்னியாவில் உருவாகி வந்த ஏம்ஸ் ஆய்வுக்கூடத்துக்குச் சென்றார்.

பின்னர் அமெரிக்கா நீண்ட தூர ஏவுகணைகளைத் தயாரிக்க முயன்றது. விண்வெளி வரை போய்த் திரும்பும் ஏவுகணையின் முனை உருகிவிடுமே, என்ன செய்வது? காற்றைக் கிழித்துச் செல்ல முனை ஊசி போல இருக்க வேண்டும் என்றே பலரும் நினைத்தனர். 1951ல் ஆலன் நேர்மாறாகச் சொன்னார். முனை மொட்டையாக இருக்கட்டும் என்றார்! பலர் நம்பவில்லை. சக விஞ்ஞானி ஆல்பிரட் எக்கர்ஸுடன் சேர்ந்து, கணக்குப் போட்டு விளக்கினார்.

வாளித் தண்ணீரில் உள்ளங்கையை விரித்துத் தள்ளுங்கள். கைக்கு முன்னால் தண்ணீர் குவிகிறதல்லவா? மொட்டை முனையும் அப்படித்தான் காற்றை முன்னால் நெருக்கித் தள்ளும். அங்கே அதிர்ச்சி அலை உண்டாகும். வெப்பத்தின் பெரும்பகுதி அந்தக் காற்றிலேயே தங்கி, பக்கவாட்டில் விலகிப் போய்விடும்.

மிச்ச வெப்பமும் லேசுப்பட்டதல்ல. அதைத் தாங்கக் கவசம் வேண்டும். எந்தப் பொருளால் செய்வது? மனிதர்களை அனுப்பிச் சோதிக்க முடியுமா? உயிராயிற்றே!

அதனால் தரையிலேயே நெருப்புக் காற்றை உண்டாக்கினார்கள். வெல்டிங் பட்டறையில் பளீரென்று ஒளிருமே, அதுபோன்ற மின்வில்லைக் காற்றில் பாய்ச்சினர். காற்று 'பிளாஸ்மா' ஆகிச் சீறியது. அதன் எதிரே கவசத் துண்டுகளை வைத்து, எவ்வளவு கருகுகிறது, பின்பக்கம் எவ்வளவு சூடேறுகிறது என்று பார்த்தனர். அப்பல்லோ கவசப் பொருளும் ஏம்ஸில் இந்தச் சோதனையைச் சந்தித்தது. தேன்கூடு போன்ற அறைகளில் நிரப்பிய பிசின் அது. மேற்பரப்பு கருகி, வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடும்!

1965ல் ஏம்ஸின் இயக்குநரானார் ஆலன். 1968 டிசம்பர் 27ல், நிலவைச் சுற்றிவிட்டு அப்பல்லோ 8 திரும்பியது. கவசத்துக்கு வெளியே சுமார் 2,700 டிகிரி செல்சியஸ் வெப்பம். உள்ளே மூன்று வீரர்களும் பத்திரம்!

1977ல் ஆலன் மறைந்தார். ஆனால், 2022ல் நிலவுக்குப் போய் வந்த ஓரியன் கலத்தின் கவசம் ஆங்காங்கே பெயர்ந்திருந்தபோது, காரணத்தைக் கண்டுபிடிக்க உதவியதும் ஏம்ஸின் பிளாஸ்மா சோதனைதான்.

விண்கலப் படத்தைப் பார்த்தால் அதன் அகன்ற அடிப்பக்கத்தைக் கவனியுங்கள். நெருப்பை எதிர்கொள்வது அந்தப் பக்கம்தான். எல்லாரும் ஒன்றையே சொன்னாலும், நாமும் ஒருமுறை யோசித்துப் பார்ப்பது நல்லதுதானே, குட்டீஸ்?