தொரப்பள்ளியில் பிறந்த மூதறிஞரும் என் ஓராண்டும்

(இளங்கலை வரலாறு, மூன்றாமாண்டு மாணவன்)

பாகலூரில் பிறந்த என்னைப் போன்றவர்களுக்கு மொழி மூன்று. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் தமிழ். இப்படி வளர்ந்தவனுக்கு நல்ல தமிழ் நடை வாய்க்காது என்று பிறர் சொல்லக் கேட்டு, நானும் அதை நெடுநாள் நம்பியிருந்தேன். தெலுங்கும் கன்னடமும் புழங்கும் இதே எல்லைப்புறத்தில் பிறந்த ஒருவர், இராமாயணத்தைத் தமிழ் உரைநடையில் எழுதி 1958ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார் என்பதை அறிந்தபோது எனக்கு முதலில் வியப்பும் பிறகு வெட்கமும் உண்டாயின. அவர்தாம் இராஜாஜி. அவர் பிறந்த தொரப்பள்ளி, எங்கள் ஊரிலிருந்து ஓசூர் போய் வேறு பேருந்து ஏறினால் அடைந்துவிடக் கூடிய சிற்றூர்.

அவரை நான் நாடிய காரணத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கல்லூரியில் வருகைப் பதிவு குறைந்து, ஓராண்டு வீட்டில் இருக்க நேர்ந்தது. பேருந்து சரியில்லை, வீட்டில் வறுமை என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன். உண்மை வேறு. மோட்டார் சைக்கிள் வாங்கும் ஆசையில் கம்பெனி ஒன்றில் இரவு வேலைக்குப் போய், பகலில் தூங்கினேன். அந்த ஓராண்டில் ரோஜாத் தோட்டத்தில் கூலி வேலை செய்தேன். காலையில் பூ வெட்டி, காம்பின் நீளம் பார்த்துத் தரம் பிரித்து, இருபது பூவுக்கு ஒரு கட்டாகக் கட்ட வேண்டும். மாலையில் நூலகம். அங்கே கைக்குக் கிடைத்தது ‘சிறையில் தவம்’ என்னும் சிறு நூல். இராஜாஜி வேலூர்ச் சிறையில் எழுதிய நாட்குறிப்பு அது.

இராஜாஜி 1878 டிசம்பர் 10ஆம் நாள் பிறந்தார். தந்தையார் தொரப்பள்ளி கிராம முன்சீப். ஓசூரில் பள்ளிப் படிப்பு, பெங்களூர் சென்டிரல் கல்லூரியில் பட்டம், சென்னையில் சட்டம். 1900இல் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். தொழில் செழித்தது. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்தார். இளம் வயதிலேயே மனைவியை இழந்து, ஐந்து பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. இந்த நிலையில்தான் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்துக்காகத் தொழிலைத் துறந்தார். வருவாய் கொழிக்கும் தொழிலை நடு வயதில் விடுவது எத்தகையது என்பது, மாதச் சம்பளத்துக்காகக் கல்லூரியை விட்டுவிட்ட எனக்கு நன்றாகவே புரிந்தது.

1921 டிசம்பரில், 144 தடை உத்தரவை மீறியதற்காக மூன்று மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. இழைப்பு நோய் உடையவர். அறைக்குள் அடைபட்ட அந்த நாட்களை அவர் குறித்து வைத்திருக்கும் முறைதான் என்னை ஈர்த்தது. வீர முழக்கம் எதிர்பார்த்துத்தான் நூலைத் திறந்தேன். உள்ளே இருந்தவையோ உணவு, உறக்கம், நோய், படித்த நூல்கள், உடனிருந்த கைதிகள் என்னும் எளிய செய்திகள். தம் உடம்பையும் மனத்தையும் வேறொருவருடையவை போலத் தள்ளி நின்று பார்க்கிறார். குற்றம் புரிந்து சிறைக்கு வந்த எளிய மனிதர்களையும் அதே கண்ணால்தான் பார்க்கிறார்.

அந்த நாட்குறிப்பில் என்னைத் திடுக்கிட வைத்த பகுதி ஒன்று உண்டு. விடுதலைக்காகச் சிறை புகுந்தவர், விடுதலை வந்த உடனே நாடு நலம் பெற்றுவிடாது என்று 1922 ஜனவரியிலேயே எழுதி வைத்திருக்கிறார். தேர்தல் ஊழலும் பணத்தின் ஆதிக்கமும் ஆட்சித் திறமைக் குறைவும் மக்களை வாட்டும் என்றும், சிறு வயது முதல் ஒழுக்கமும் அன்பும் ஊட்டும் கல்வி ஒன்றே நம்பிக்கை தரும் என்றும் கருதினார். தாம் எதற்காகத் துன்புறுகிறாரோ அதையே ஐயுற்று எடை போடும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? 1922 மார்ச் 20ஆம் நாள் அவர் விடுதலையானார். அதற்கு இரண்டு நாள் முன்புதான் காந்தியடிகளுக்கு ஆறாண்டுச் சிறை விதிக்கப்பட்டிருந்தது. காந்தியடிகள் நடத்திய ‘யங் இந்தியா’ இதழைக் கவனிக்கும் பொறுப்பு இவரிடம் வந்தது.

அந்நூலைப் படித்தபின் நானும் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். முதல் மாதம் எழுதியது முழுவதும் பிறர் குறைகள். மேஸ்திரி கடுமையானவர், நண்பன் ஏமாற்றினான், அப்பா கண்டுகொள்ளவில்லை, இப்படியே. இராஜாஜியின் பக்கங்களோடு ஒப்பிட்டபோதுதான் என் நோட்டில் நானே இல்லை என்பது தெரிந்தது. இரவு வேலைக்குப் போன கதையை மறைக்காமல் எழுத ஐந்து மாதம் ஆயிற்று. எழுதியதை அப்பாவிடம் சொல்ல மேலும் இரண்டு மாதம்.

சிறையில் தொடங்கிய தவம் வெளியிலும் தொடர்ந்தது எனலாம். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்து, குடிசையில் வாழ்ந்தார். கதர் உற்பத்தி, தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்குப் பிரசாரம் ஆகியவையே அங்கு அன்றாட வேலை. மதுவிலக்குக்காக ‘விமோசனம்’ என்னும் மாத இதழும் அங்கிருந்து வெளிவந்தது. கல்கி அதில் அவருக்குத் துணையாக உழைத்தார். ரோமாபுரிப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட குறிப்புகளை ‘ஆத்ம சிந்தனை’ என்ற பெயரில் தமிழில் தந்தவரும் இராஜாஜிதான். போர்ப் பாசறையில் அரசர் எழுதியதைச் சிறை கண்டவர் தமிழாக்கியது பொருத்தமே. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பு யாத்திரையை நடத்திச் சென்று மீண்டும் சிறை புகுந்தார்.

1937இல் சென்னை மாகாணப் பிரதமரானதும், அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். எங்கள் ஓசூர் வட்டமும் அன்று சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. குறைந்த வருவாயை ஈடு செய்ய 1939இல் விற்பனை வரி பிறந்தது. ஆனால் அதே ஆட்சியில்தான் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டது. எதிர்த்தவர்கள் சிறை சென்றனர். நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்ட நிலையில் 1939இல் உயிர் நீத்தனர். வேலூர்ச் சிறையில் கைதிகளின் துயரைக் கூர்ந்து பார்த்தவரின் ஆட்சியில் இது நடந்தது என்பதை என்னால் எளிதில் கடந்து செல்ல முடியவில்லை.

அதைவிட என்னை நேரடியாகத் தைத்தது 1953. அப்போது அவர் மீண்டும் முதலமைச்சர். கிராமத் தொடக்கப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பாடம், மீதி நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழிலுக்குத் துணை என்று திட்டம் வகுத்தார். பணம் குறைவு, பள்ளிக்கு வராத பிள்ளைகள் ஏராளம். ஒரே பள்ளியில் இரண்டு முறை வைத்தால் கூடுதல் பிள்ளைகள் படிக்கலாம் என்பது அவர் கணக்கு. கணக்கில் பிழையில்லாமல் இருக்கலாம். என் அப்பா துணி வெளுப்பவர். தாத்தாவும் அவ்வாறே. முதலில் ஆற்றங்கரையில், இப்போது தள்ளுவண்டியில் இஸ்திரி. இத்திட்டம் நிலைத்திருந்தால் எங்கள் வீட்டில் யார் எந்த வேலையைக் கற்றிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. குலக்கல்வி என்று எதிர்ப்பு மூண்டது. 1954 ஏப்ரலில் அவர் பதவி விலக, அடுத்து வந்த காமராசர் அரசு அவ்வாண்டே திட்டத்தைக் கைவிட்டது.

அந்தப் பகுதியைப் படித்த இரவு ‘சிறையில் தவம்’ நூலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றே எண்ணினேன். கொடுக்கவில்லை. தன்னைத் தானே இவ்வளவு ஆராய்ந்தவருக்கும், பிறர் வீட்டுக் கூரையின் கீழ் உள்ள வாழ்க்கை முழுவதும் தெரிந்துவிடாது என்று என் நோட்டில் எழுதினேன். அதற்கு அடுத்த நாள்தான், அப்பாவின் வண்டிக்கு அருகில் ஒரு பகல் முழுதும் நின்று, அவர் எத்தனை துணி தேய்க்கிறார் என்று முதன்முறையாக எண்ணிப் பார்த்தேன்.

தோல்விக்குப் பிறகும் அவர் ஓயவில்லை. இராமாயணம் எழுதினார். 1959இல், எண்பது வயதில், சுதந்திராக் கட்சி தொடங்கினார். 1971இல் தமிழக அரசு மதுவிலக்கைத் தளர்த்த முனைந்தபோது, தொண்ணூற்றிரண்டு வயதில், முதலமைச்சர் கருணாநிதியின் இல்லத்துக்குத் தாமே சென்று வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் வேண்டுகோள் நிறைவேறவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் மதுவிலக்கு தள்ளிவைக்கப்பட்டது. 1972 டிசம்பர் 25ஆம் நாள் அவர் மறைந்தார்.

மீண்டும் கல்லூரியில் சேர்வதற்கு முந்தைய வாரம் அப்பாவை அழைத்துக்கொண்டு தொரப்பள்ளி சென்றேன். அவர் பிறந்த வீட்டை அரசு நினைவு இல்லமாகப் பேணி வருகிறது. சிறிய வீடுதான். அப்பா செருப்பை வாசலில் விட்டு, சுவரிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படிக்க அவருக்கு நேரமாகும். நான் படித்துச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு, அவரே படித்தார்.