அன்னா சாண்டி: பெயரும் பணியும்

இந்தியாவில் நீதிபதியின் ஆசனத்தில் முதன்முதலாக அமர்ந்த பெண்மணி அன்னா சாண்டி. 1905இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் சிரியன் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்து, திருவனந்தபுரத்தில் வளர்ந்து, 1996இல் தமது 91ஆவது வயதில் மறைந்தவர். நமது சங்கம் நூறாண்டை நிறைவு செய்யும் இவ்வேளையில், கடலுக்கு அப்பால் வாழ்ந்த ஒருவரின் வரலாறு இம்மலரில் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அவரது பெயரைச் சற்று நின்று பார்த்தாலே அதற்கு விடை கிடைத்துவிடும்.

அன்னா என்பது எபிரேய மொழியிலிருந்து வந்த பெயர். அருள் என்பது அதன் பொருள். தமிழ் வேதாகமத்தில் சாமுவேலின் தாயை அன்னாள் என்றும், கத்தோலிக்கர் மரியன்னையின் தாயை அன்னம்மாள் என்றும் அழைக்கிறார்கள். நம் மட்டக்களப்பில் அன்னம்மா என்ற பெயர் கோயிலடியிலும் உண்டு, தேவாலயத்தடியிலும் உண்டு. சைவ வீட்டு அன்னம்மாவுக்கு அது அன்னப்பறவையையோ சோற்றையோ நினைவூட்டும். கிறிஸ்தவ வீட்டு அன்னம்மாவுக்கு அது எபிரேயத்து அருள். வேர் இரண்டு, கூப்பிடும் பெயர் ஒன்று. யோவானுக்கு நம் முன்னோர் அருளப்பர் என்று பெயர் வைத்ததும் இதே வேர்ச்சொல்லின் பொருளை அறிந்துதான்.

சாண்டி என்பது அலெக்சாண்டர் என்ற கிரேக்கப் பெயர் மலையாள நாவில் தேய்ந்து வந்த வடிவம். மனிதரைக் காப்பவன் என்பது அதன் மூலப்பொருள். ஜோர்ஜ் அங்கே வர்கீஸ் ஆனார், பேதுரு பத்ரோஸ் ஆனார், யாக்கோபு சாக்கோ ஆனார். அவர்களுக்கு இப்பெயர்கள் சிரிய மொழி வழிபாட்டின் வழியே வந்தன. நமக்கோ பல பெயர்கள் போர்த்துக்கேயர் வழியே வந்தன. அதனால்தான் புளியந்தீவிலும் தாண்டவன்வெளியிலும் அதே யாக்கோபு சந்தியாகு ஆகி, சந்தியாப்பிள்ளை ஆனார். கோட்டயத்துச் சாக்கோவும் மட்டக்களப்புச் சந்தியாப்பிள்ளையும் பெயரளவில் ஒருவரே.

அன்னா என்ற பெயரைக் குடும்பம் கொடுத்தது. சாண்டி என்பது பொலிஸ் அதிகாரியான அவரது கணவர் பி. சி. சாண்டியின் பெயர். ஆக, இரண்டு பெயர்களும் பிறர் கொடுத்தவை. அவற்றைத் தமது பெயர் ஆக்கிக்கொள்ள அவர் செய்த பணிதான் அவரது வரலாறு.

1920களில் திருவனந்தபுரத்தில் சட்டம் பயின்று, அந்தச் சமஸ்தானத்தில் சட்டப் பட்டம் பெற்ற முதற் பெண்ணானார். 1928இல், மணமான பெண்களுக்கு அரசாங்க உத்தியோகம் கொடுக்கலாமா என்ற கேள்வி அங்கே சூடாக விவாதிக்கப்பட்டது. உத்தியோகம் இல்லறக் கடமைக்கு இடையூறு என்றும், ஆண்களின் மதிப்பைக் குறைக்கும் என்றும் டி. கே. வேலுப்பிள்ளை என்ற அறிஞர் பொதுக்கூட்டமொன்றில் வாதிட்டார். அன்னா சாண்டி மேடையேறி, வழக்குரைப்பது போலவே அந்த வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தார். அடுத்த ஆண்டிலேயே வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். அதே 1929இல்தான் இலண்டன் பிரிவி கவுன்சில், கனடாவின் அரசியலமைப்பில் வரும் 'நபர்' என்ற சொல் பெண்ணையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தது. பெண்ணைச் சட்டம் ஓர் ஆளாகக் கொள்ளுமா என்று உயர் நீதிமன்றங்கள் வாதித்துக்கொண்டிருந்த காலம் அது. இலங்கையில் பெண்கள் சட்டத்தொழில் புரியத் தடையை நீக்கிய சட்டம் 1933இல்தான் வந்தது.

அக்காலத்தில் அவர் பெண்களுக்கென நிறுவித் தாமே ஆசிரியராக இருந்து நடத்திய சஞ்சிகையின் பெயர் ஸ்ரீமதி. நம் தமிழில் திருமதி. பெண்ணின் பெயருக்கு முன்னால் ஒட்டி, அவளை இன்னாருடைய மனைவி என்று காட்டவே பெரும்பாலும் பயன்பட்ட சொல்லை அவர் பத்திரிகையின் தலைப்பில் தனியே நிற்க வைத்தார். அதன் பக்கங்களில் பெண்களின் வேலையுரிமை, கூலி, மணவாழ்வின் சமமின்மை ஆகியன பேசப்பட்டன.

1931இல் ஸ்ரீமூலம் மக்கள் சபைத் தேர்தலில் நின்றார். எதிரிகள் அவரது ஒழுக்கத்தையே பழித்துப் பிரசாரம் செய்தனர். பத்திரிகைகளும் அவரை விடவில்லை. அம்முறை தோற்றார். தமது பத்திரிகையிலேயே அந்த அவதூறுகளுக்குப் பதில் எழுதிவிட்டு, மீண்டும் நின்று வென்று, 1932 முதல் 1934 வரை சபையில் இருந்தார். நம் நாட்டில் 21 வயது நிரம்பிய எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்ததும் 1931இல்தான். அடுத்த ஆண்டு நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். பாக்கு நீரிணையின் இருபுறத்திலும் ஒரே ஆண்டில் இரு பெண்கள் சபையேறினார்கள்.

அவர் சலுகை கேட்டவரல்லர். திருவிதாங்கூரில் பெண்களுக்கு மரணதண்டனையிலிருந்து விலக்கு இருந்தது. சம உரிமை கேட்பவர் சமப் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்ற நிலையில் நின்று, 1935இல் அந்த விலக்கையே எதிர்த்து எழுதினார். அதே ஆண்டு திருவனந்தபுரத்தில் கூடிய அகில இந்தியப் பெண்கள் மாநாட்டில், தாய்மாருக்குக் கருத்தடை ஆலோசனையும் சுகாதார நிலையங்களும் வேண்டும் என்ற தீர்மானத்தை ஆதரித்துப் பேசினார். அங்கிருந்த கிறிஸ்தவப் பெண்களே அதை எதிர்த்தார்கள். தம் சொந்தச் சபையாரின் முகங்கோணலுக்கு அஞ்சி அவர் பின்வாங்கவில்லை.

1937இல் திவான் சேர் சி. பி. இராமசாமி ஐயர் அவரை முன்சிப் ஆக நியமித்தார். முன்சிப் என்பது அரபுச் சொல். நியாயமாக நடப்பவர் என்று பொருள். பாதி என்று பொருள்படும் சொல்லும் அதே வேரிலிருந்து வந்தது. இரு தரப்புக்கும் சரிபாதி கொடுப்பவரே முன்சிப். இந்தப் பெயரின் பொருளை அக்காலத்துச் சட்டத்தோடு வைத்துப் பாருங்கள். 1916ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் தந்தை இறந்தால் மகளுக்குக் கிடைத்தது மகனின் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. தம் வீட்டுச் சொத்தில் பாதி பெற முடியாத சமூகத்துப் பெண்ணொருவர் பாதி பிரிக்கும் ஆசனத்தில் அமர்ந்தார். தம்மை ஒரு பரிசோதனையாகவே எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதையும், தாம் தவறினால் பின்னால் வரும் பெண்கள் அனைவரின் வழியும் அடைபடும் என்பதையும் அவர் அறிந்தே அந்த நீதிமன்றத்துக்குள் நுழைந்தார்.

பரிசோதனை பலித்தது. 1948இல் மாவட்ட நீதிபதியானார். 1959 பெப்ரவரி 9ஆம் திகதி கேரள உயர் நீதிமன்ற நீதிபதியாகப் பதவியேற்று, இந்திய உயர் நீதிமன்றமொன்றின் முதற் பெண் நீதிபதி ஆனார். இங்கிலாந்தின் உயர் நீதிமன்றத்துக்கு எலிசபெத் லேன் நியமனமானது 1965இல்தான் என்பதை நினைத்தால், நமது பக்கத்துக் கடற்கரை எவ்வளவு முந்திக்கொண்டது என்பது விளங்கும். 1967 ஏப்ரல் வரை அப்பதவியில் இருந்து ஓய்வுபெற்று, பின்னர் இந்தியச் சட்ட ஆணைக்குழுவிலும் பணியாற்றினார். 1973இல் ஆத்மகதா என்ற பெயரில் தம் வாழ்க்கை வரலாற்றை மலையாளத்தில் வெளியிட்டார்.

அவர் திறந்த வழியில் பலர் நடந்தனர். பத்தனம்திட்டையில் பிறந்த பாத்திமா பீவியை அவரது தந்தையார் சட்டம் படிக்கத் தூண்டியதற்கு அன்னா சாண்டியின் முன்மாதிரியே காரணம் என்பார்கள். அந்தப் பாத்திமா பீவி 1989இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதற் பெண் நீதிபதியானார். பெண்களின் பங்கைக் குறைத்த அந்த 1916ஆம் ஆண்டுச் சட்டம் இனிச் செல்லாது என்று 1986இல், மேரி ரோய் தொடுத்த வழக்கில், அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அன்னா சாண்டி உயிரோடிருந்தார். அவர் மறைந்த 1996ஆம் ஆண்டிலேயே நம் நாட்டின் உயர் நீதிமன்றத்துக்கு முதற் பெண் நீதியரசராக சிராணி பண்டாரநாயக்க நியமனம் பெற்றார்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். மட்டக்களப்பில் குடி தாய்வழியே வருகிறது. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி என்று கோயிலில் முறை சொல்லும்போது நாம் தாயின் குடியைத்தான் சொல்கிறோம். வயிற்றுவார் என்ற சொல்லே தாயின் வயிற்றைச் சாட்சி வைக்கிறது. நம் பகுதி முஸ்லிம் சகோதரிகளிடத்தும் குடி தாய்வழியே. பழைய முக்குவர் சட்டம் 1876ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் நீதிமன்றத்தில் வழக்கொழிந்தாலும், வீடுவளவு மகளுக்கு என்ற வழமை இன்றும் நிற்கிறது. ஆனால் பெயர் மட்டும் வேறு வழியே போனது. பாடசாலை இடாப்பில் தகப்பன் பெயரின் முதலெழுத்து. மணமானபின் கணவன் பெயர். ரொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் கடவுச்சீட்டில் அதுவே குடும்பப் பெயர். குடியைத் தந்த தாயின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

பேரன், பேர்த்தி என்ற நம் சொற்கள் பெயரன், பெயர்த்தி என்பவற்றிலிருந்து வந்தவை. பாட்டன் பாட்டியின் பெயரைத் தாங்கி வருபவர் என்று பொருள். சிரியன் கிறிஸ்தவரிடத்தும் மூத்த பேர்த்திக்குத் தந்தைவழிப் பாட்டியின் பெயரை வைப்பது வழக்கம். பெயர் என்பது தலைமுறை விட்டுத் தலைமுறை கைமாறும் முதுசம். அன்னா சாண்டி கணவரின் பெயரை உதறவில்லை. ஆனால் சாண்டி என்றால் எந்தச் சாண்டி என்று கேட்ட காலம் போய், சட்ட வரலாற்றில் அப்பெயர் அவரையே குறிக்கும்படி முப்பதாண்டு ஆசனத்திலிருந்து உழைத்தார். கொடுத்த பெயர் அப்படித்தான் சொந்தப் பெயர் ஆகிறது.

எனவே உலகெங்கும் பரந்து வாழும் எம் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலுக்குப் பெயர் அனுப்பும்போது, இன்று வழங்கும் பெயரோடு, வகுப்பில் ஆசிரியை இடாப்பு வாசிக்கும்போது எழுந்து நின்று பதில் சொன்ன பெயரையும் எழுதுங்கள். முடிந்தால் தாயின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த நூற்றாண்டில் நம்மைத் தேடிவரும் பேர்த்திமாருக்கு அது உதவும்.