மண்ணில் மருந்து தேடிய மாமேதை சுப்பாராவ்

நோயின்றி வாழ்தலே பெரும்பேறு. அப்பேற்றினை மாந்தர் குலத்திற்கு வழங்கிய அறிஞர் பலர்க்குப் புகழ் வந்து சேர்ந்தது. தொண்டு பெரிதாயினும் புகழ் சிறிதாயினாரும் உளர். அத்தகையோருள் ஒருவர் யெல்லாப்பிரகட சுப்பாராவ்.

இளமையும் கல்வியும்

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895 சனவரி 12ஆம் நாள் சுப்பாராவ் பிறந்தார். வறுமை வாட்டிய குடும்பம். சிறுவராயிருந்தபோது, காசிக்குச் சென்று யாத்திரிகர்க்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் எனக் கருதி வீட்டைவிட்டுப் புறப்பட்டார். அன்னையார் வெங்கம்மா அவரை மீட்டுவந்து மீண்டும் பள்ளியிற் சேர்த்தார். இருமுறை தோல்வியுற்று, மூன்றாம் முறை சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி கண்டார்.

பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றார். காந்தியடிகளின் அறைகூவலை ஏற்று, அறுவை மருத்துவ வகுப்பிலும் கதராடையே அணிந்தார். ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்திற்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குரிய அவருக்கு, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. எனினும் அவர் மனம் தளரவில்லை. ஸ்ப்ரூ என்னும் கொடிய குடல்நோய் உடன்பிறந்தாரைப் பறித்துச் சென்றமை, மருத்துவ ஆராய்ச்சியின்பால் அவரை உந்தியது.

அமெரிக்கப் பணி

1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்றார். பாஸ்டன் நகரில், இரவில் மருத்துவமனையொன்றில் நோயாளரின் மலசலக் கலங்களைச் சுமந்து தூய்மை செய்யும் பணி. பகலில் ஹார்வர்டில் கல்வி. சைரஸ் ஃபிஸ்கே என்பாருடன் இணைந்து, உடலிலுள்ள பாஸ்பரஸை அளவிடும் முறையை 1925இல் வெளியிட்டார். தசைகளின் ஆற்றலுக்கு அடிப்படையான பாஸ்போகிரியேட்டின், ஏ.டி.பி. ஆகியவற்றை வெளிக்கொணர்ந்த ஆய்விலும் அவர் பங்கு பெரிது. 1930இல் முனைவர் பட்டம் பெற்றார்.

1940இல் நியூயார்க் மாநிலத்துப் பேர்ல் ரிவரில் இயங்கிய லெடர்லே ஆய்வகத்திற் சேர்ந்து, பின்பு அதன் ஆராய்ச்சித் தலைவரானார். அங்குதான் அவர்தம் குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். அது ஸ்ப்ரூ நோயாளர்க்கும் பயன்பட்டது. யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசின் மருந்தும் அங்கேயே பிறந்தது.

பொன்னிற மருந்து

1928இல் ஃபிளெமிங் கண்ட பெனிசிலின் பல உயிர்களைக் காத்தது. ஆயினும் சிறுநீர்ப்பையிலும் சிறுநீர்ப் பாதையிலும் தொற்றினைப் பெரும்பாலும் விளைக்கும் குடல்வாழ் நுண்ணுயிர்களை அஃது எளிதில் அடக்கவில்லை. காசநோய்க்கு மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினையோ ஊசிவழியே செலுத்தவேண்டியிருந்தது. இருவகை நுண்ணுயிர்களையும் எதிர்க்கவல்லதும், வாய்வழி உட்கொள்ளத்தக்கதுமான மருந்தொன்று தேவைப்பட்டது.

அதனை மண்ணிலே தேடுமாறு சுப்பாராவ் தம் குழுவை வழிநடத்தினார். பல்கலைக்கழகப் பணியினின்று ஓய்வுபெற்ற முதியவரான பெஞ்சமின் டுக்கர் என்னும் தாவரவியல் அறிஞரிடம் அப்பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. மிசௌரி மாநில மண்ணிலிருந்து, பொன்னிறங் கொண்ட நுண்ணுயிர் ஒன்றை டுக்கர் 1945இல் பிரித்தெடுத்தார். அதனின்று பிறந்ததே ஆரியோமைசின். டெட்ராசைக்ளின் குடும்பத்து மருந்துகளுள் முதலாவது இதுவே. 1948இல் நியூயார்க் ஹார்லெம் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் லூயி ரைட், இதனை நோயாளர்க்கு வழங்கி ஆராய்ந்தார். டைஃபஸ் காய்ச்சல், நுரையீரல் அழற்சி, சிறுநீர்த் தொற்று எனப் பலவற்றிற்கும் அஃது அருமருந்தாயிற்று. 1994இல் சூரத்தில் பிளேக் பரவியபோது மக்கள் நாடியதும் இக்குடும்பத்து மருந்தாகிய டெட்ராசைக்ளினையே.

மறைவும் படிப்பினையும்

ஆரியோமைசின் உலகிற்கு அறிவிக்கப்பட்ட அதே 1948இல், ஆகஸ்ட் திங்களில், மாரடைப்பால் சுப்பாராவ் மறைந்தார். அகவை 53. அமெரிக்கக் குடியுரிமை பெறாமலும், தாய்நாட்டிற்கு மீளாமலும் அவர் வாழ்வு முடிந்தது. 1995இல் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

அவர் விட்டுச்சென்ற செல்வம் இன்று தேய்ந்து வருகின்றது. சிறுநீர்த் தொற்றை விளைக்கும் நுண்ணுயிர்கள் பல, டெட்ராசைக்ளினுக்கு அஞ்சாத வன்மை பெற்றுவிட்டன. சளிக்காய்ச்சல் போன்ற வைரஸ் நோய்களுக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது என அறிந்தும் அதனைக் கேட்டு வாங்குகிறோம். மருத்துவரைக் காணாமலே கடையிற் பெற்று விழுங்குகிறோம். அவர் வகுத்த அளவையும் நாளையும் நம் விருப்பம்போல் மாற்றுகிறோம். மருந்துக்குத் தப்பிய நுண்ணுயிர்கள் பெருகி அடுத்தவரையும் பற்றுகின்றன.

ஓர் அறிஞர் தம் வாழ்வை உருக்கித் தேடித்தந்த மருந்தினை முறையறிந்து பயன்படுத்துதல், அவர்க்கு நாம் செய்யத்தக்க நன்றிக்கடனாகும். மாணவச் செல்வங்கள் இதனை உணர்ந்து இல்லந்தோறும் உணர்த்துவார்களாக.