வாதம் வேறு, வீண் சச்சரவு வேறு

நமது கரையோரத்திலே, வென்னப்புவைக்கு அண்மையில் உள்ள போலவத்தையில் 1742ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் ஒரு குருவானவர் இறைவனடி சேர்ந்தார். அவரே யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி. தபசு காலத்தில் நாம் கண்ணீரோடு கேட்கும் வியாகுலப் பிரசங்கத்தை ஆக்கித் தந்தவர் அவர்தாம்.

1676இல் கோவாவைச் சேர்ந்த திவார் தீவில் பிறந்த அவர், ஒரத்தோரியன் சபையில் குருவாகி, 1705இல் இலங்கை வந்தார். அப்போது கரையோரம் ஒல்லாந்தர் வசம் இருந்தது; கத்தோலிக்க வேதம் தடைசெய்யப்பட்டிருந்தது. புனித யோசேவ் வாஸ் முனிவரின் வழிகாட்டலில் உழைத்த அவர், முதலில் நாடியது வாதத்தை அல்ல, மக்களின் மொழியை. தமிழையும் சிங்களத்தையும் ஆழக் கற்றார், அகராதிகள் தொகுத்தார், இரு மொழியிலும் பல நூல்கள் எழுதினார்.

கண்டி மன்னன் நரேந்திரசிங்கன் (1707–1739) பௌத்தனாயினும் சுவாமியைப் பெரிதும் மதித்தான். அவன் முன்னிலையில் கல்வீனிய மார்க்கத்தார் ஒருவருடன் வாதிட நேர்ந்தபோது சுவாமி பின்வாங்கவில்லை. அறிய விரும்பிக் கேட்டவர்க்கு விசுவாசத்தை விளக்குவது குருவின் கடமையன்றோ!

ஆனால் அவரது வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. பிற சமயங்களைக் கண்டித்தும் அவர் நூல்கள் எழுதினார். அக்காலத்து வழக்கம் அதுவே என்றாலும், அவற்றின் கடுமை பலர் மனத்தைப் புண்படுத்தியது. அவர் மறைந்த சில ஆண்டுகளுக்குள், ஸ்ரீ விஜய இராஜசிங்கன் (1739–1747) ஆட்சியில், குருக்கள் கண்டி இராச்சியத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர், ஆலயங்கள் அழிக்கப்பட்டன. காரணங்கள் பல, அந்நூல்கள் எழுப்பிய கோபமும் அவற்றுள் ஒன்று. துன்பத்தை அனுபவித்தவர்களோ எளிய விசுவாசிகள்.

இன்று அக்கண்டன நூல்களைத் தேடி வாசிப்பவர் மிகச் சிலரே. வியாகுலப் பிரசங்கமோ இன்றும் நம் நெஞ்சை உருக்குகிறது. பிறரை மடக்க எழுதியது மறைந்தது. ஆண்டவருடைய பாடுகளை நினைந்து எழுதியது நிலைத்தது.

அன்புக் குடும்பத்தாரே! பௌத்தரும் இஸ்லாமியரும் இந்துக்களும் நம் அயலில் வாழ்கின்றனர். பிற சமயத்தவரோடு அன்போடும் விவேகத்தோடும் உரையாடும்படி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் நமக்குக் கற்பித்தது. அவர்களோடு பேசும்போதும், பங்குக் கூட்டத்தில் கருத்து வேறுபடும்போதும், வீட்டில் கணவன் மனைவி முரண்படும்போதும், வாய் திறக்குமுன் ஒரு கேள்வியை நம் மனச்சாட்சியிடம் கேட்போம்: நான் பேசப்போவது உண்மை விளங்குவதற்கா, எதிரில் இருப்பவர் தலைகுனிவதற்கா?