வங்கிக் குமாஸ்தா கட்டிய மூட்டை

கல்கத்தாவில் இருக்கும் நம்மவர்களில் எஸ்பிளனேடு பக்கம் போகாதவர் இருக்க முடியாது. அங்கே சுரேந்திரநாத் பானர்ஜி சாலையில் உள்ள ஒரு பழைய கட்டடத்தில், 2016 வரை 'போர்ன் அண்ட் ஷெப்பர்டு' என்ற புகைப்பட நிலையம் இருந்தது. அந்தப் பெயரின் முதல் பாதிக்கு உரியவர் சாமுவேல் போர்ன். அவரும் நம்மைப் போல் குமாஸ்தாவாக வாழ்க்கையைத் தொடங்கியவர்தான்.

1834-ல் இங்கிலாந்தில் பிறந்தார். நாட்டிங்ஹாம் நகரில் வங்கி உத்தியோகம். ஓய்வு நேரத்தில் படம் எடுக்கப் பழகினார்; பழக்கம் பித்தாக முற்றியது. வேலையை உதறிவிட்டு, 1863 ஜனவரியில் கல்கத்தாவில் வந்து இறங்கினார். நிரந்தர உத்தியோகத்தை விடுவது எத்தகைய காரியம் என்று வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சிம்லாவில் கூட்டாகத் தொழில் தொடங்கிய அவர், அதே ஆண்டு ஜூலை இறுதியில் சட்லஜ் நதியோரமாக மலை ஏறினார். பத்து வாரங்களுக்குப் பிறகு 147 நெகடிவ்களுடன் திரும்பினார். கால்கா - சிம்லா ரயில் ஓடத் தொடங்கியது 1903-ல். ஆகவே சாமான் அத்தனையும் மனித முதுகில்தான் போயிற்று.

அந்தச் சாமான்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்று ஊர் சுற்றப் புறப்படுகிறவர் எந்த லென்ஸை எடுத்துக்கொள்வது, எதை வீட்டில் விடுவது என்று யோசிக்கிறார். எல்லாம் ஒரு தோள்பைக்குள் அடங்கிவிடும். போர்ன் காலத்தில் லென்ஸ் சுமையில் சிறு பங்குதான். அது இழுத்து வரும் பரிவாரம் பெரிது. படம் பன்னிரண்டு அங்குலத்துக்குப் பத்து அங்குலம் வேண்டுமானால், கண்ணாடித் தகடும் அதே அளவில் இருக்க வேண்டும். தகட்டை அடக்கும் காமிரா வேண்டும், அது முழுவதும் ஒளி பாய்ச்சும் லென்ஸ் வேண்டும். தகடும் தயாராக வராது. எடுக்கும் இடத்திலேயே கண்ணாடியில் கொலோடியன் என்ற பசையை ஊற்றி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் படம் எடுத்து, உடனே இருட்டில் வைத்துக் கழுவியாக வேண்டும். எல்லாம் சில நிமிஷங்களில் முடிய வேண்டும். ஆக, போகுமிடமெல்லாம் ஓர் இருட்டறையும் கூடவே போக வேண்டும்.

1864-ல் காஷ்மீர் போனபோது அவர் கட்டிய மூட்டையைப் பாருங்கள். பெரிய தகடுகள் 250, சிறியவை 400. குடைபோல் விரித்து மடக்கும் பத்தடி உயர இருட்டுக் கூடாரம். ரசாயனப் பெட்டிகள். இவற்றோடு படுக்கை, சமையல் பாத்திரம், புத்தகம், பிராந்தி வேறு. தூக்க 42 கூலிகள். கண்ணாடி என்று எழுதிய ஒரு பெட்டி பார்சல் ஆபீசுக்கு வந்தாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். 650 கண்ணாடிகள் பாறையிலும் பனியிலும் போனதை நினைத்துப் பார்க்கிறேன்.

சுமையைக் குறைக்க வழி இல்லாமல் இல்லை. உலர்ந்த தகடுகளை முன்கூட்டியே தயாரித்துக்கொள்ளும் முறை அப்போதே இருந்தது. அவருக்கும் அது தெரியும். ஆனால் அதில் ஒளி பதிய வெகு நேரமாகும்; ஈரத் தகட்டின் நயமும் வராது. நயத்தையே தேர்ந்தார். தேர்ந்தவர் அவர்; சுமந்தவர்கள் வேறு.

மலை ராஜ்யங்களில் கிராமத் தலைவர் ஆள் பிடித்துக் கொடுக்கும் வழக்கம் அன்று இருந்தது. வயலை விட்டு வந்தவர்கள் வழியில் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடியதும் உண்டு. அவர்களைத் தேடிப் பிடித்துத் தடியால் அடித்ததை போர்ன் லண்டன் புகைப்படப் பத்திரிகையில் கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறார். இதை விட்டுவிட்டுப் புகழ்ந்து எழுத எனக்கு மனம் வரவில்லை. பிழைக்க ஊர் விட்டு வந்து சுமை தூக்கும் நம்மவர்கள் ஹௌராவிலும் இருக்கிறார்கள்.

ஆனால் படங்களைப் பார்த்தால் வாயடைத்துப் போகும் என்பதும் உண்மை. 1866-ல் ஸ்பிதி வழியாகச் சென்று, ஏறத்தாழ 18,600 அடி உயர மணிரங் கணவாயில், விறைக்கும் குளிரில் கூடாரம் அடித்துப் படம் எடுத்தார். அவ்வளவு உயரத்தில் பல ஆண்டுகள் வேறு யாரும் எடுக்கவில்லை. கங்கை பிறக்கும் பனிக்குகையையும் அதே பயணத்தில் பிடித்தார். பின்னர் நம் பக்கமும் வந்தார். உதகை, மதுரை, திருச்சி மலைக்கோட்டை எல்லாம் அவர் தகடுகளில் உண்டு. படங்களில் தம் பெயரும் ஓர் எண்ணும் தெரியும்படி நெகடிவில் குறித்து வைத்தார். தூக்கிச் சென்றவர்களின் பெயர் எதன் கீழும் இல்லை.

1870-ல் இங்கிலாந்து திரும்பினார். மைத்துனருடன் நூல் ஆலை நடத்தினார், கௌரவ மாஜிஸ்திரேட்டாகவும் இருந்தார். 1912 ஏப்ரலில் நாட்டிங்ஹாமில் காலமானார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நெகடிவ்களை இங்கேயே விட்டுப் போயிருந்தார். 1991 பிப்ரவரியில் எஸ்பிளனேடு கட்டடத்தில் பிடித்த தீயில் அந்த நிலையத்தின் பழைய சேகரிப்பில் பெரும்பகுதி அழிந்தது.