கடல் கடந்த திருநாமம்

தேசம் மாறினால் ஆராதனை முறை மாறலாமா? எதை விடலாம், எதை விடலாகாது? இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் ஸ்ரீ அ.ச. பக்திவேதாந்த ஸ்வாமி பிரபுபாதர்.

1896-ஆம் ஆண்டு கல்கத்தாவில் அவதரித்த இவர், கௌடீய வைஷ்ணவ ஆசாரியரான ஸ்ரீ பக்திசித்தாந்த சரஸ்வதியை ஆச்ரயித்தார். மேலைநாட்டாருக்கு ஆங்கிலத்தில் பகவத் விஷயத்தை உரைக்க வேண்டும் என்ற குருவின் நியமனத்தைச் சிரமேற்கொண்டு, 1959-இல் துறவறம் ஏற்று, 1965-இல் தம் 69-ஆம் பிராயத்தில் சரக்குக் கப்பல் ஏறினார். வழியில் மாரடைப்பு கண்டும் கலங்கினாரில்லை. 1966-இல் நியூயார்க்கில் ஒரு சிறு கடையே சந்நிதியாயிற்று.

ஆசாரியர் வகுத்த 64 சுற்று ஜபம் புதிய சீடர்களுக்கு இயலாது எனக் கண்டு, 16 சுற்றாகக் குறைத்தார். 1967-இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில், சீடர் ஒருவர் செதுக்கிய மரத் திருமேனிகளில் ஸ்ரீ ஜகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை எழுந்தருளினர். வந்தோர் ஒவ்வொருவரும் மெழுகுவத்தி ஏந்தி ஆரத்தி சமர்ப்பித்தனர். அவ்வாண்டே லாரி ஒன்று திருத்தேராகி வீதியுலா கண்டது. ஆண், பெண் இருபாலார்க்கும் அர்ச்சனைக் கைங்கர்யம் வாய்த்தது.

ஆயினும் புலால், போதை, சூது, முறையற்ற காமம் ஆகிய நான்கையும் விலக்கும் நியமத்தை அவர் அணுவளவும் தளர்த்தினாரில்லை. மந்திரங்களையும் மாற்றாது, ரோமானிய எழுத்தில் பொருளுடன் அச்சிட்டு அளித்தார்.

1977-இல் ஸ்ரீ பிருந்தாவனத்தில் திருநாடு அலங்கரித்தார்.

திருவிழா சேவிக்க வந்துள்ள அன்பர்காள்! பூஜைக்குரிய உபகரணங்கள் குறையலாம். திருநாமமும் நியமமும் குறையலாகா. அயல்நாட்டில் வாழும் நம் மக்களுக்கும் இதனை எடுத்துரைப்போமாக.